ஐஸ் பிடித்த ஊசி மருந்து

சாரல் காலத்தில் நனைந்த குடைகளின் வாடையும் டிங்சர் நெடியும் கலந்து கிடக்கும் எங்கள் தென்காசி "மெடிக்கல்" கடையில், எல்லாச் சத்தத்துக்கும் மேலே மூலையிலிருந்த பிரிட்ஜின் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் முதலான மருந்துகள் அதற்குள்தான் இருந்தன. கடையின் மருந்தாளுநரான அம்மா அதனுள் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, காலையும் மாலையும் குனிந்து பார்ப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் அவ்வளவு கரிசனமாகப் பார்த்ததில்லை.

ஒரு "சீசன்" மாலையில் காற்றில் மரங்கள் சாய்ந்து "கரண்டு" போனது. அம்மா வீட்டுக்குப் போயிருக்க, கடையைப் பூட்ட இருந்த சித்தப்பா, பிரிட்ஜ் சூடாகிவிடுமே என்று பதறி, இன்சுலின் குப்பிகளையெல்லாம் எடுத்து மேலே ஐஸ் உறையும் பெட்டிக்குள் அடுக்கிவிட்டார். இரவில் கரண்டு வந்துவிட்டது. காலையில் பார்த்தால் மருந்து அத்தனையும் கட்டி. குற்றாலத்து அருவியில் நின்றே நோய் தீர்த்துக்கொள்ளும் ஊர்க்காரருக்குக் குளிர்ச்சியும் கெடுக்கும் என்று எப்படித் தோன்றும்? சித்தப்பா ஒரு குப்பியை உள்ளங்கையில் பொத்தி உருக்கிக் காட்டி, "குளிர்ச்சி யாரை மதினி கெடுத்துச்சு? பாருங்க, பழையபடி ஆயிட்டு" என்றார். அம்மா எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, "விற்பனைக்கு அல்ல" என்று சிவப்பில் எழுதி ஒட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருந்த செல்வராஜ் அண்ணாச்சி தொப்பலாக நனைந்து வந்து நின்றார். அவருடைய ஒரே மகள் ஜெபாவுக்கு என் வயதுதான். பிஞ்சிலேயே சர்க்கரை நோய் வந்து இன்சுலினால் ஓடிக்கொண்டிருந்த உயிர். வீட்டிலிருந்த மருந்து அன்று காலையோடு தீர்ந்திருந்தது. மருந்து இல்லை என்று அம்மா சொல்லும்போதே அவர் டப்பாவைப் பார்த்துவிட்டார்.

"தண்ணி மாதிரி தெளிவா இருக்கு. இதை வச்சுக்கிட்டு இல்லைங்கியளே, எம்புள்ளைய சாவச் சொல்லுதியளா?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, அதான் பயமே. ஒருக்கா ஒறஞ்ச மருந்து வேலை செய்யுமான்னு யாருக்கும் தெரியாது. ஊசி போட்டாச்சுன்னு நீங்க நிம்மதியா இருப்பிய, புள்ளைக்குச் சீனி ஏறிக்கிட்டே போவும்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் அண்ணாச்சிக்காகப் பரிந்து பேசினார்கள். அம்மா அசையவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, எதிர்ச்சாரியிலிருந்த வேலாயுதம் அண்ணாச்சியின் மெடிக்கலுக்கு நடந்தாள். நாங்கள் கடை போட்ட நாளிலிருந்து அவருக்கும் எங்களுக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. அங்கே போயும் மருந்தை முதலில் கேட்டாளா என்றால் அதுவும் இல்லை.

"கரண்டு போனப்ப பிரிட்ஜத் தொறந்தியளா அண்ணாச்சி?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மருந்து கேட்டு வந்த எடத்துல என்னையவே சோதிக்கியோ?" என்றவர், சிரித்துவிட்டு எழுந்துபோய்ப் பிரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினார். அம்மா அதைப் பார்த்த பிறகுதான் குப்பியை வாங்கினாள். கடைக்குத் திரும்பி, பிளாஸ்கில் ஐஸ் போட்டு, அது மருந்தில் படாதபடி துணி சுற்றிக் கொடுத்தாள். செல்வராஜ் அண்ணாச்சி அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். கெட்ட மருந்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் காட்ட யாராலும் முடியாது. அதனால் இந்த வேலைக்கு வசவு கிடைக்கும், நன்றி கிடைக்காது. அது தெரிந்தே செய்தவள் அவள். அன்றைக்கு வந்த பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது கடையை நான் பார்க்கிறேன். கரண்டு போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. பிரிட்ஜில் சூடு ஏறினால் என் போனில் மணி அடிக்கிறது. வேலாயுதம் அண்ணாச்சியின் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அம்மா இல்லாத முதல் சீசன் இது.

போன வாரம் செல்வராஜ் அண்ணாச்சி, தள்ளாத வயதில், டீச்சராக இருக்கும் ஜெபாவுக்கு மருந்து வாங்கப் பஸ் ஏறி வந்தார். "உங்கம்மா என்னைய மழையில தவிக்க விட்டவ" என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். புளியறையிலேயே மெடிக்கல் வந்துவிட்டதே, இவ்வளவு தூரம் ஏன் அலைகிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்கன எது கேட்டாலும் ஒடனே எடுத்துக் குடுத்துருதானுவம்மா" என்றார்.