பச்சை வாசனை போகும் வரை

பனீரைப் புளிக்குழம்பு மாதிரி வைத்துச் சாப்பிட்ட குடும்பம் நாங்கள். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் இதைச் சொன்னால் அவள் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லையாம். நல்லதுதான். நம்பி, செய்துகாட்டு என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம்.

எல்லாம் மின்வெட்டால் வந்தது. மதுரையில் பகலில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில், மத்தியானத் தொலைக்காட்சியில் ஒரு சமையற்காரர் வருவார். வெள்ளைக் கோட்டு, சிரித்த முகம், உப்புக்குக்கூடத் தனிக் கண்ணாடிக் கிண்ணம். என் மனைவி நோட்டும் பேனாவுமாக அவர் எதிரில் உட்கார்ந்திருப்பாள். வெங்காயம் வதங்கி, தக்காளி வதங்கி, அவர் அடுத்த கிண்ணத்தைத் தூக்கும்போது எங்கள் அவனியாபுரத்துக்கு வெட்டு நேரம் வந்துவிடும். தூக்கிய கிண்ணத்தோடு மனிதர் மறைந்துபோவார். அவள் எழுதிக்கொண்டிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, கீழே 'க.போ.' என்று எழுதிக் கோடு போடுவாள். கரண்ட் போச்சு. நோட்டு முழுக்க இப்படித்தான். அரைப் பக்கம் சமையல், பிறகு க.போ., பிறகு வெறுந்தாள்.

வெறுந்தாளை அவள் அடுப்பில் நிரப்பினாள். பனீர் பட்டர் மசாலாவில் தக்காளி வரைக்கும் அவர் ஆட்சி. அதன்பிறகு சட்டிக்கு மேலே குனிந்து ஒரு தடவை மோந்து பார்ப்பாள். கை தானாக ஏதாவது டப்பாவுக்குப் போகும். பூண்டு விழும், புளி விழும், வெந்தயம் பொரியும். நானும் மகளும் அதற்குக் 'கரண்ட் போன பனீர்' என்று பேர் வைத்தோம். நான் அதோடு நின்றிருக்கலாம். ஒரு வார இதழில் அதைப் பற்றி நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவள், "நோட்டு என்னோடது, சிரிப்பு உங்களோடதா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கும் நான்தான் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

காலம் மாறியது. காளான் வந்தது. கம்பு கண்ணாடிப் பாட்டிலுக்குள், கழுத்தில் ரிப்பனோடு, வெளிநாடு போய் வந்த உறவினர் மாதிரி திரும்பி வந்தது. எதுவாக இருந்தாலும் அவளுக்கு முன்பாதி போதும். பின்பாதியை மூக்கு பார்த்துக்கொள்ளும்.

பிறகு பெருந்தொற்று. இரண்டு பேருக்கும் காய்ச்சல், இரண்டு பேருக்கும் வாசனை போனது. என் மூக்கு இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. எந்த வேலைக்கும் பழகாத மூக்கு. அவளுடையது வரவில்லை. ஒருநாள் காலையில் பால் தீய்ந்த வாசனை கூடம் வரைக்கும் வந்து நான் ஓடிப்போனேன். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சிலருக்குத் தாமதமாக வரும் என்றார் டாக்டர். வருடக்கணக்கில் தாமதமாகிக்கொண்டிருக்கிறது.

இப்போது அவள் செல்போனைப் பார்த்துச் சமைக்கிறாள். அதில் வருகிறவர்கள் உப்பைக் கிராமில் சொல்கிறார்கள், வதக்குவதை நிமிடத்தில் சொல்கிறார்கள். அடுப்பு மேடையில் ஒரு சின்னத் தராசு வந்து உட்கார்ந்தது. சாப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. உப்பு சரி, காரம் சரி, வேக்காடு சரி. நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, யாரோ நன்றாகச் சமைத்திருக்கிறார்கள், இவளைத்தான் காணோம் என்று நினைத்துக்கொள்வேன். வாயைத் திறக்க மாட்டேன். கேட்கிற தகுதியைக் கட்டுரை எழுதியே தொலைத்திருந்தேன்.

இந்த வருடம் தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா. அங்கே அந்தத் தொலைக்காட்சிச் சமையற்காரரைப் பார்த்தேன், அவர் எழுதிய புத்தகத்தின் அட்டைப்படத்தில். தலைக்கு மை அடித்திருந்தார். நானும்தான். அத்தனை குறிப்பும் முழுசாக, மின்வெட்டு இல்லாமல். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் வாங்கிக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தேன். பத்துப் பக்கம் புரட்டினாள். மூடினாள்.

"பக்கத்துக்குப் பக்கம் பச்ச வாசன போற வரைக்கும் வதக்கணும்னு போட்டுருக்காரு. எப்பப் போகுதுன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

மூக்கில்லாதவளுக்கு மோந்து பார்க்கச் சொல்லும் புத்தகத்தை வாங்கி வந்திருக்கிறேன். அலமாரி நிறைய புத்தகம் படித்தவன். வேறு வழி தெரியாமல், நான் சொல்கிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய நோட்டை எடுத்து வந்தாள். பனீர் பக்கம்.

வெங்காயம் வரைக்கும் சிக்கல் இல்லை. இஞ்சி பூண்டு விழுதைப் போட்டதும் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பூண்டு மாதிரி இருக்கிறது என்றேன். பூண்டு வேறு எப்படி இருக்கும் என்றாள். இருபத்தைந்து வருடம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். பச்சை வாசனை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்விட்டது என்று நினைக்கிறேன் என்றேன்.

"நினைக்கிறீகளா? மூக்குல குத்துதா, குத்தலையா?"

"லேசாக் குத்துது."

"அப்ப போகல."

குத்துவது நிற்கும்வரை நின்றோம். நின்றது, எனக்கே தெரிந்தது. பரீட்சையில் பாஸான மாதிரி சொன்னேன். தக்காளியும் வதங்கியது. அடுத்து, நோட்டில் க.போ. கரண்டியைப் பிடித்தபடி அவள் அந்த வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூண்டு, புளி, வெந்தயம் என்று நான் எடுத்துக்கொடுத்தேன். எது முதலில், எம்புட்டு என்று கேட்டாள். நான் சாப்பிட்டவன், எனக்கு என்ன தெரியும்? அவளுக்கும் தெரியவில்லை. மோந்து பார்த்துப் போட்டதை எங்கே எழுதிவைப்பது?

பூண்டைப் போட்டாள், புளியைக் கரைத்து ஊற்றினாள், வெந்தயத்தைத் தாளித்துக் கொட்டினாள். நான் குனிந்தேன்.

"அந்தப் பழைய வாசனதானா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளால் கண்டுபிடிக்க முடியாது. அதனாலேயே சொல்ல முடியவில்லை.

"இல்ல."

அவள் அடுப்பைக் குறைத்தாள். "அது எப்படி இருக்கும்? எனக்கு மறந்துபோச்சு. நீங்கதான் எழுதுறவுகளாச்சே, சொல்லுங்க."

கட்டுரைக்கு வந்த வார்த்தை ஒன்றும் அப்போது வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நம் தெருவுக்குள் திரும்பினாலே நீ அடுப்படியில் இருப்பது தெரியும், அப்படி இருக்கும் என்றேன்.

"இப்பவும் அடுப்படியிலதான இருக்கேன்" என்றாள். வெந்தய டப்பாவைத் திறந்தாள். "இன்னும் கொஞ்சம் வறுத்துப் போட்டுப் பாக்குறேன். போயிறாதீக."

நான் போகவில்லை. மறுபடி குனிந்தேன்.