பங்குப் பணத்துக்காக விட்ட இனிஷியல்

என் வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு தீபாவளி போனஸில் என் பெயரில் கொஞ்சம் பங்குகள் வாங்கினார். என் பெயருக்கு முன்னால் தன் இனிஷியலைப் போட்டார். கல்யாணமானால் எங்கள் பக்கம் அப்படித்தான்.

அவர் போன பிறகுதான் அந்தப் பங்குகளுக்குக் கம்பெனி வருஷா வருஷம் தரும் பணத்தில் வரி பிடிக்கத் தொடங்கினார்கள். வருமானம் குறைந்த வயதானவர்கள் ஒரு படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்களாம். கொடுத்தேன். பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டி எடுத்த பான் கார்டில் என் அப்பாவின் இனிஷியல் இருந்தது.

கருங்குழியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பெண்ணிடம் போனேன்.

"இன்னா ஆயா, ரெண்டு பேர்ல சுத்திக்கினு கீற? போலீசு தேடுதா?" என்று சிரித்தாள்.

"கார்டுல அவரு இனிஷியலைப் போட முடியாதாம்மா?"

"கல்யாண சர்டிபிகேட் கீதா?"

"திருவிடந்தை கோயில்ல தாலி கட்னது. அப்போ ஏது சர்டிபிகேட்டு?"

"அப்போ பங்குலதான் மாத்தணும். அப்பா இனிஷியல் போட்டுக்கோ."

நான் பங்குத் தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அவளுக்கு என்ன தோன்றியதோ, "இந்தப் படிவத்தைப் பத்தி கவர்மெண்டு ஜனங்களாண்ட கருத்து கேக்குது. சொல்லு, அடிச்சித் தரேன்" என்றாள்.

ரேஷன் கடையில்கூட நான் வாய் திறந்ததில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: "கல்யாணம் ஆனா பொம்பளைங்க இனிஷியல் மாறுது. ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஒத்துக்கணும்."

"நல்லாக் கேளு ஆயா! எம் பொண்டாட்டிக்கும் இதே பேஜாருதான்" என்றார் பின்னால் நின்றவர்.

"பதில் எப்போ வரும்?" என்று கேட்டேன்.

"மாத்தினா மாத்துவாங்க, இல்லாங்காட்டி இல்ல. அதுக்குள்ள வரி புடிச்சிடுவான்."

கண்ணுக்கு ஊற்றும் மருந்து அந்தப் பணத்தில்தான் வாங்குகிறேன். பங்கிலேயே மாற்றச் சொன்னேன்.

புதுக் கையெழுத்து வேண்டும் என்றாள். பேனாவை வைத்ததும் கை அவர் இனிஷியலைத்தான் போட்டது. வேறு தாள் கொடுத்தாள். அதிலும் அதுவே வந்தது. "அவசரமில்ல, மெதுவா போடு" என்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. அடுத்த தாளில் அப்பாவின் எழுத்தைப் போட்டேன்.

அந்த வருஷம் பிடித்தம் இல்லாமல் பணம் வந்தது. கம்பெனி அனுப்பிய தாளில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆஜர் எடுக்கும்போது கூப்பிட்ட பெயர். அதற்கு அப்புறம் அவரோடு வாழ்ந்ததெல்லாம் அதில் இல்லை. நான் சொன்ன கருத்துக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை.