எட்டு வகைச் சொல்லும் ஒரு யெஸ்ஸும்

ஆங்கிலத்தில் சொற்கள் எட்டு வகைப்படும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குத் தெரியும். நவுண், புரொநவுண், அட்ஜெக்டிவ், வேர்ப், அட்வேர்ப், பிரெப்பொசிஷன், கொன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் என்று மூச்சுவிடாமல் சொல்லுவேன். ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணமும் வைத்திருக்கிறேன். இவ்வளவு அறிவோடு என் வாழ்நாளில் ஒரேயொரு வெள்ளைக்காரரைத்தான் சந்தித்தேன். கிளிநொச்சிச் சந்தியில் நின்று இரணைமடுவுக்கு வழி கேட்டார். நான் கையைக் காட்டினேன். கை அந்த எட்டு வகையில் எதிலும் சேராது.

தமிழுக்கு நான்கு வகை போதும்: பெயர், வினை, இடை, உரி. அந்த நான்கையும் வைத்துக்கொண்டே நாங்கள் காதலையும் போரையும் பாடி முடித்துவிட்டோம், இவர்களுக்குத் தேத்தண்ணி கேட்கவே எட்டு வேண்டியிருக்கிறது என்று வாசிகசாலைக் கூட்டமொன்றில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். கைதட்டியவர்களில் என் நண்பனும் ஒருவன். ஆங்கிலத்தை இவ்வளவு ஏளனமாகப் பேசுகிறவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துவிட்டான் போலும். அவன் மேல் பிழையில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவன் இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்கிறவன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். நாற்பத்தேழு வயது வரை கலியாணம் கட்டாமல் இருந்து, போன தை மாதம் கட்டினான். மணமகள் லண்டனில் இருபது வருடமாக இருப்பவர், அவருக்கும் அதுதான் முதல் கலியாணம். மூன்று கிழமை இங்கே இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். மாரிமழைக்கு விதைத்த காலபோக அறுவடை முடிந்த கையோடு ஒருநாள் பின்னேரம் இவன் என் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், இங்கிலீசு."

"இங்கிலீசுக்கு என்ன?"

"படிக்கவேணும்."

"ஆர்?"

"நான்."

"ஏனடாப்பா?"

"சோதினை."

முழு விடயத்தையும் அறிய எனக்கு அரை மணித்தியாலமும் இரண்டு தேத்தண்ணியும் செலவாயின. மனைவியிடம் போவதென்றால் விசாவுக்கு விண்ணப்பிக்க முதல் கொழும்பில் ஒரு ஆங்கிலச் சோதினை பாஸ்பண்ண வேண்டும். எழுத்து இல்லை, கதைப்பது மட்டும். இரண்டு பரீட்சார்த்திகளை ஒன்றாக இருத்தி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக் கதைக்கச் சொல்லுவார்கள். தவறினால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் மனைவி லண்டனிலும் இவன் வயலிலும் இருந்து வயதுபோக வேண்டியதுதான். ஆறுதலாக இருந்து பார்க்கிற வயதை இரண்டு பேரும் தாண்டியிருந்தார்கள்.

"நீயும் வா. சோடிக்கு," என்றான்.

அவன் போனபிறகு குசினியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அவர் வாயைத் திறக்கிறேல்லை, நீங்கள் மூடுறேல்லை. ரெண்டுபேரையும் கலந்து ஒரு ஆளாச் செய்தா லண்டனுக்கு அனுப்பலாம்."

வகுப்பு சனிக்கிழமை காலையில், நகரத்தில் ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில் நடந்தது. பத்துப் பதினைந்து பேர். எங்களைத் தவிர எல்லோரும் கலியாணத்தைப் பதிந்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் இளம் பெண்கள். பின்வாங்கில் நாங்கள் இருவரும் தலைக்கு மையடித்துக்கொண்டு போய் இருந்தோம். படிப்பித்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நாங்கள் அவரை ரீச்சர் என்றோம், அவர் எங்களை அங்கிள் என்றார். முதல்நாள் இலக்கணம். "நவுண் எண்டா என்ன?" என்று ரீச்சர் கேட்டு முடிக்க முதல் நான் எழும்பிவிட்டேன்.

"எ நவுண் இஸ் த நேம் ஒஃப் எ பேர்சன், பிளேஸ், ஓர் திங்!"

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிச்சம் ஏழையும் கேட்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"வெரி குட் அங்கிள். இப்ப உங்களைப் பற்றி இங்கிலீசிலை ரெண்டு வசனம் சொல்லுங்கோ."

இருந்துவிட்டேன்.

அடுத்தது என் நண்பனின் முறை.

"வாட் இஸ் யுவர் ஜொப்?"

"ஃபாமர்."

"வெயார் டூ யூ லிவ்?"

"கிளிநொச்சி."

"டூ யூ லைக் யுவர் ஜொப்?"

"யெஸ்."

"வை?"

அவன் சற்று யோசித்தான். "ஜொப்," என்றான்.

அவனுடைய பதில்களில் ஒரு வினைச்சொல் கூட இல்லை என்பதை நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன். அதைப் பெரிய கண்டுபிடிப்பாக மோட்டார் சைக்கிளில் வரும்போது அவனுக்கும் விளங்கப்படுத்தினேன். "வேர்ப் போடவேணும் மச்சான், வேர்ப்தான் வசனத்துக்கு உயிர்," என்று கத்தினேன். பின்னால் இருந்தவன், "பள்ளம்," என்றான். அதுவும் பெயர்ச்சொல்தான். நான் சைக்கிளை அந்தப் பள்ளத்துக்குள் விட்டுவிட்டேன்.

அடுத்த இரண்டு மூன்று சனியும் இதே கதைதான். ரீச்சர் பொறுமையாகச் சொன்னார்.

"அங்கிள், இப்பிடிச் சொன்னா பெயில் விட்டிடுவினம். ஒரு கேள்வி கேட்டா ரெண்டு மூண்டு வசனம் சொல்லவேணும். கேட்காததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுங்கோ."

வெறும் தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னதுபோல அவன் ரீச்சரைப் பார்த்தான்.

"கேட்காததைச் சொல்லுறதோ? அது சரியான பிழை, ரீச்சர்."

ரீச்சர் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் வயதுக்காரருக்கு அவன் சொன்னது விளங்கும். போர் நடந்த எங்கள் இளம் வயதில், எங்களைக் கேள்வி கேட்பதற்கென்றே பாதையோரங்களில் துவக்கோடு ஆட்கள் நின்றார்கள். பேர்? ஊர்? எங்கே போகிறாய்? கேட்பவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள், கேள்விகள் மாறவில்லை. பேருக்குப் பேர், ஊருக்கு ஊர். அதற்குமேல் ஒரு சொல் சொன்னால் அந்தச் சொல்லிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும். அந்தப் படிப்பில் என் நண்பன் முதலாம் பிள்ளை. அங்கேயும் நான் கடைசிதான். ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லி, கேட்டவர் அலுத்துப்போய்ப் 'போ, போ' என்று கையசைக்கும் வரைக்கும் கதைப்பேன். இரண்டு முறைகளும் உயிர்பிழைக்கப் போதுமானவையாகத்தான் இருந்தன. ஆனால் அவனுடைய முறை இந்தச் சோதினைக்கு உதவாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் தண்டனை கிடைக்கிற இடத்துக்கு அவன் வாழ்க்கையில் இப்போதுதான் போகப்போகிறான். நான் சொல்லிக் கொடுத்த எட்டு வகையில் இதற்கு மருந்து இல்லை.

சித்திரை பிறந்தபிறகு ஒரு சனிக்கிழமை ரீச்சர் எங்கள் இருவரையும் முன்னுக்கு எடுத்து, எதிரெதிராகக் கதிரையில் இருத்தினார். மாதிரிச் சோதினை. தலைப்பு, தொழில். நான் முதலில் பேச வேண்டும். நான் விவசாயிகளின் அலுவல் பார்க்கிற கமநல நிலையமொன்றில் எழுதுவினைஞர். பசளை விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்தி இருபது வருடம் உழைத்த அனுபவத்தில் நெற்செய்கை பற்றியே பேசுவோம் என்று துணிந்துவிட்டேன். பாடமாக்கி வந்த ஆங்கிலத்தில், விதைக்கிறோம், தண்ணீர் விடுகிறோம், அறுவடை நாள் வரைக்கும் ஒவ்வொரு நாளும் தண்ணீர் விடுகிறோம் என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

"நோ," என்றான் அவன்.

சோதினையில் அப்படிக் குறுக்கே மறுக்கிற இடம் இல்லை. நான் தொடர்ந்தேன். "எவ்ரி டே வோட்டர், அன்ரில்..."

"நோ எவ்ரி டே!" கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான். "பிஃபோர் கட்டிங், வோட்டர் ஸ்ரொப்! ரூ வீக்ஸ் பிஃபோர் ஸ்ரொப்! யூ கிவ் வோட்டர், மட் கம். கட்டிங் மிசின் கம், மிசின் கோ இன்சைட் மட்! ஹூ புல்? யூ புல்?"

"ஐ..."

"யூ நோ புல்! யூ ஒபிஸ் சிட்!" பிறகு ஆங்கிலம் முடிந்து தமிழுக்கு வந்தான். "உனக்கு ஆரடா உந்த விசர்க்கதை சொன்னது? இருவது வருசமா உங்கை இருந்து என்ன செய்யிறாய்?"

வகுப்பு கைதட்டியது. ரீச்சர் விரல் மடித்து எண்ணினார். "அங்கிள், எத்தினை வேர்ப் சொல்லிப்போட்டியள் தெரியுமோ?" என்று அவனிடம் சொல்லிவிட்டு, ஒரு சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் கமநல ஒபிசிலை எல்லோ வேலை?"

"யெஸ்," என்றேன்.

அதன்பிறகு எனக்கு வேலை இலகுவாயிற்று. ஒவ்வொரு சனியும் விவசாயத்தைப் பற்றி ஏதாவது பிழையாகச் சொல்லுவேன், அவன் எழும்பி ஆங்கிலத்தால் அடிப்பான். பிழை தேடுவதற்கு நான் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொன்னாலே போதுமாக இருந்தது. பெண்கள் எங்கள் முறை வரும்வரை காத்திருப்பார்கள். ஆனால் சோதினை கிட்டக் கிட்ட எனக்குப் பயம் பிடித்தது. கொழும்பில் அவனுக்கு எதிரே இருக்கப்போவது யாரோ ஒரு புதிய ஆள். அந்த ஆள் நெல்லைப் பற்றி ஏன் பேசப்போகிறது? பேசினாலும் ஏன் பிழையாகப் பேசப்போகிறது? என்னைப் போலத் துறை தெரிந்தவர்கள் எல்லா இடமும் கிடைப்பார்களா?

வைகாசியில் கொழும்புக்கு ரயிலேறிப் போனோம். வெள்ளவத்தையில் என் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் தங்கி, அடுத்தநாள் காலை சோதினை நடக்கிற கட்டடத்துக்குப் போனோம். என்னை வாசல் மண்டபத்தோடு நிற்பாட்டிவிட்டார்கள். அங்கே ஒரு தாய், தன் மகளுக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம், தன் பெயரையே ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெயர்களை ஒன்றாகக் கூப்பிட்டார்கள். ஒன்று என் நண்பனுடையது, மற்றது அந்தப் பிள்ளையுடையது. இவன் கேட்காமல் பேசமாட்டான், அவளால் கேட்கவே முடியாது.

கால் மணித்தியாலத்தில் வரவேண்டியவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் போயிற்று. கதவு திறந்தபோது அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், போயிட்டு வாறன்," என்று அவனுக்குச் சொல்லிவிட்டுத் தாயிடம் ஓடினாள்.

"என்னடா நடந்தது?"

"கதைச்சனான்," என்றான்.

மிச்சம் அடுத்தநாள் காலை, திரும்புகிற ரயிலில்தான் வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"அவா, சோதினை வைக்கிறவா, என்னட்டை முதல் கேட்டா. நான் வழமை மாதிரி யெஸ், நோ. பேந்து பிள்ளையைக் கேட்டா. பிள்ளைக்கு முகம் அப்பிடியே வெளுத்துப்போச்சு. வாயிலை ஒண்டும் வரேல்லை. எனக்கெண்டா பார்த்துக்கொண்டிருக்கேலாமல் போச்சு மச்சான். காலமை சாப்பிட்டிருக்காது எண்டு விளங்கிட்டுது. தமிழிலை கேட்கவும் ஏலாது. 'யூ ஈட் மோர்னிங்?' எண்டன். தலையை ஆட்டிச்சுது, இல்லையெண்டு. 'வை நோ ஈட்? ஸ்ரமக் எம்ப்டி, இங்கிலீஷ் நோ கம்' எண்டன். பிள்ளை சிரிச்சிட்டுது."

"பிறகு?"

"பிறகென்ன. 'யூ கம் மை ஹவுஸ், மை பிரதர் வைஃப் புட்டு மேக், இரணைமடு ஃபிஷ் கறி மேக்' எண்டன். 'வாட் ஃபிஷ்?' எண்டு பிள்ளை கேட்டுது. குளத்து மீனெண்டா எனக்குச் சொல்லித் தரவேணுமே? அது கேட்கக் கேட்க நான் சொன்னன். நான் கேட்க அது தன்ரை வீட்டுச் சமையலைச் சொல்லிச்சுது. அவா முடிக்கச் சொல்லி ரெண்டு தரம் 'தாங்க் யூ' சொன்னா. மூண்டாந்தரம் எழும்பி நிண்டிட்டா."

வீட்டுக்கு வந்த ஆளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்காத மனிதன் எங்கள் பக்கத்தில் இல்லை. யாரும் சொல்லித் தராமல் எல்லோருக்கும் வருகிற கேள்வி அது. மூன்று மாதம் நான் இலக்கணமும் பொய்யுமாக மினக்கெட்டிருக்கிறேன், அது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து முடிவு என் தொலைபேசிக்கு வந்தது. விண்ணப்பம் நிரப்பியவன் நான் என்பதால் மின்னஞ்சல் முகவரியும் என்னுடையதே. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். கோடையில் செய்கிற சிறுபோகப் பயிர் முழங்கால் உயரம். அவன் வாய்க்காலில் நின்று மண்வெட்டியால் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான்.

"பாஸ்!" என்று வரம்பில் நின்றே கத்தினேன்.

மண்வெட்டியைக் குத்திவிட்டு வந்தான். "வாசி," என்றான். வாசித்தேன். "திருப்பி வாசி." திருப்பி வாசித்தேன். சேற்றுக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுத்துகளைக் கிட்ட வந்து பார்த்தான்.

"அந்தப் பிள்ளை?"

"அது எங்களுக்குத் தெரியாதடா. அவளின்ரை முடிவு அவளுக்குத்தான் போகும்."

"பாஸ்பண்ணியிருக்கும்," என்றான். "நல்லாக் கதைச்சுது."

பிறகு தன் தொலைபேசியில் லண்டனுக்குக் கோல் எடுத்தான். எங்களுக்கு மத்தியானம், அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மனைவியின் குரல் எனக்கும் கேட்டது. "என்ன, றிசல்ட் வந்திட்டுதே? சொல்லுங்கோ!"

"பொறும், பொறும். நான் முதலிலையிருந்து சொல்லுறன், கேளும்," என்றான்.

போகிற அன்று காலை சப்பாத்து கடித்ததிலிருந்து தொடங்கினான். ஸ்ரேசனுக்கு யார் ஏற்றிப்போனது, ரயிலில் யன்னல் பக்கம் யார் இருந்தது, முறிகண்டி தாண்டும்போது நான் என்ன விசர்க்கதை சொன்னேன், எல்லாம் வந்தது. அங்கே மனைவி இடைக்கிடை "பாஸோ, பெயிலோ?" என்று கேட்பது கேட்டது. "சொல்லுறன், சொல்லுறன்," என்றான். நான் வரம்பில் குந்தினேன். கால் மணித்தியாலமாகியும் அவனுடைய ரயில் மாங்குளத்தைத் தாண்டவில்லை. கொழும்புக்கு இன்னும் கனதூரம் இருந்தது.