திருப்பி அனுப்பிய நர்ஸ்

பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்தபோது என் மனைவி கமலாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது.

"இனிமேதான் கவனமா இருக்கணும் அங்கிள். மத்த ரத்தக்குழாய்ங்க சுருங்கலாம். பேச்சு குழறுனா உடனே சொல்லுங்க," என்றார் இளம் டாக்டர்.

ஏழாம் நாள் மதியம் தண்ணீர் கேட்ட கமலாவின் வார்த்தை குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அவளைச் சோதிக்க வந்த நர்ஸிடம், "இப்பதான் கண்ணசந்தா சிஸ்டர், அப்புறம் வாங்க லா," என்றேன்.

இரண்டு மணி நேரம் கழித்து எழுப்பினேன். வலது கை அசையவில்லை. சுருங்கிய குழாய்கள் வழியே மூளைக்கு ரத்தம் போய்ச் சேர, ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தை டாக்டர் அவசரமாகச் செலுத்தினார். உயிர் தங்கியது; கையும் பேச்சும் திரும்பவில்லை.

"பக்கத்துலேயே இருந்து பார்த்துக்கிட்டாரு," என்று உறவினர்கள் புகழும்போது கமலா என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நர்ஸைத் திருப்பி அனுப்பியதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.