படுத்துப் பார்த்த படம்

லிஃப்ட் பரிசோதகராக இருந்த காலம் முழுக்க அவருக்கு ஒரே பிடிவாதம். தான் ஏறிப் பார்க்காத லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடமாட்டார். கட்டடக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டாலும் அசைந்து கொடுக்கமாட்டார். ஓய்வு பெற்ற பிறகு மிக்ஸி, குடை, மருமகன் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சோதித்தார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேக மாமா'.

மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்ச நாளைக்கு மல்லாந்தே படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். வெறும் கூரையைப் பார்த்துக் கிடந்தவளுக்காக, கைக்கு அடக்கமான மலிவு விலை புரொஜெக்டர் ஒன்றை வாங்கிவந்தார். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதில்தான் மனம் இளகியது.

கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கூரையில் படத்தை விழவைத்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டும் விலக்கியும் வெளிச்சத்தைச் சோதித்தார். எழுத்தின் ஓரம் கலங்குகிறதா, பெட்டி சூடேறுகிறதா, உள்ளே சுற்றும் விசிறியின் சத்தம் பேச்சை விழுங்குகிறதா என்று பார்த்தார். எப்போது கேட்டாலும், நல்லாத்தான் இருக்கு என்றாள் அவள்.

கெடு முடியும் நாளன்று காலையில் தீர்ப்புச் சொன்னார். பகலில் மங்கல்தான், இரைச்சலும் உண்டு. ஆனால் எழுத்து சுத்தம். வைத்துக்கொள்ளலாம்.

"லிஃப்டுன்னா ஏறிப் பார்ப்பீங்க. இதுல மட்டும் ஏங்க ஏறவே இல்ல?" என்றாள் அவள். "இப்படி வந்து படுங்க."

கட்டில் ஓரத்தில் ஒண்டிப் படுத்து மேலே பார்த்தார். செய்தி வாசிப்பவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து நேராகத் தெரிந்ததெல்லாம் இத்தனை நாளும் அவளுக்குத் தலைகீழ்.

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "முதல் நாளே சொல்லக் கூடாதா?"

"எவ்வளவு ஆசையா திருகிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது? அந்த ஆளு தலைகீழா சிரிக்கிறதும் பழகிடுச்சு."

கொடுத்த தீர்ப்பை அங்கேயே ரத்து செய்தார். எழுந்து புரொஜெக்டரைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி வந்து படுத்தார். இப்போ எப்படி என்று கேட்டாள்.

"இரு. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துட்டுச் சொல்றேன்."

கடை அடைக்கும் நேரம் தாண்டியும் அவர் எழவில்லை. அவள் குணமாகி நடமாடத் தொடங்கிய பிறகும் மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் கூரையைப் பார்த்துப் படுத்துவிடுவார்கள். பரிசோதனை முடிந்தது என்று மட்டும் அவர் கடைசிவரை சொல்லவேயில்லை.