சுருக்க இதழில் அப்பாவின் பெயர்

கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டே நான் நிறுவிய தேற்றத்தை வேறு எவனாவது முந்தி வெளியிட்டுவிட்டானா என்று அறிய ஒரே வழி, உலகக் கணிதக் கட்டுரைகளைச் சுருக்கித் தரும் ஆங்கில இதழ்தான். யுத்த காலம், கப்பல் வந்தால்தான் மதுரைக்கு இதழ் வரும். நான் வெளிநாட்டுக்கு அனுப்பிய கட்டுரைக்கும் பதில் இல்லை.

ஒருநாள் நூலகர், "சார், நீங்க கேட்ட புஸ்தகம் வந்துருச்சு" என்றார். பிரித்தேன். என் தேற்றம் அப்படியே இருந்தது, வேறொரு பெயரில். பாழாய்ப் போனவன் யார் என்று மறுபடி படித்தேன்.

என் அப்பாவின் பெயர்.

கட்டுரையை அனுப்பும்போது குடும்பப் பெயரும் கேட்டிருந்தார்கள். நமக்கு ஏது அது? இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதியிருந்தேன். அவர்கள் அப்பாவை ஆசிரியராக்கி, என்னை ஒற்றை எழுத்தாக அவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்.

சனிக்கிழமை சொந்த ஊரான திருவாதவூருக்குப் போய், வயலில் நின்ற அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"வெள்ளைக்காரன் புஸ்தகத்துல எம் பேரா? நெலத்து மேல கேஸு எதும் போட்டுட்டாய்ங்களாடா?"