பாஸில் என் பேர், டோலியில் நான்

போன செவ்வாய்க்கிழமை காலை. குரங்கணிக்கு மேலே, பாதிச் சரிவில், ஒரு பாறை மேல் உட்கார்ந்து என் கெண்டைக்காலிலிருந்து அட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது அட்டையைப் பிய்க்கும்போது ஒரு கேள்வி வந்தது — இதற்காகவா சட்டப் பரீட்சை எழுதினேன்? அதுவும் மூன்று தடவை?

யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. என்னை அந்த மலையில் ஏற்றிவிட்டது வேறு யாருமில்லை, நானேதான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனிக்கு நான் வக்கீல். கோர்ட்டுக்குப் போகாத வக்கீல். கம்பெனி ஆபீஸிலேயே மேஜை, நாற்காலி, மாதச் சம்பளம்.

சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

"எந்தக் கோர்ட்டுல மாப்ளே இருக்கீக?"

"கோர்ட்டுக்கெல்லாம் போறதில்ல மாமா."

"அடப்பாவமே... சோலி போயிருச்சா?"

அப்படியானால் என்னதான் செய்கிறேன்? கெஜட்டு படிக்கிறேன். எங்கள் ஏலத்தோட்டம் மலைக்கு மேலே, திருவிதாங்கூர் சர்க்காரின் எல்லையில். எங்கள் ஆபீஸ் மலைக்குக் கீழே, சென்னை சர்க்காரின் எல்லையில். இரண்டு சர்க்கார், இரண்டு கெஜட்டு, இரண்டு மடங்கு ரூல்கள். எந்த ரூல் எப்போது எந்தப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனியின் தலையில் விழும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட ஜோசியம்தான். ஒரே ஒரு வித்தியாசம் — ஜோசியர் நடுநடுவே நல்லதும் சொல்வார்.

'வரக்கூடிய ஆபத்துகள்' என்று தலைப்புப் போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக அதில் உருப்படியாக ஓர் ஆபத்தும் இல்லை. முதலாளி என்னைக் கடந்து போகும்போதெல்லாம், வெயில் காலத்தில் வாங்கிவிட்ட குடையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்.

அப்படியிருக்கையில்தான் அந்த ரூல் கண்ணில் பட்டது!

மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஏலக்காய் லோடுக்கும் ஒரு பாஸ் உண்டு. பாஸில் ஓர் ஆளின் பேர் இருக்கும். இனிமேல் அந்தப் பேருக்குரிய ஆள், சரக்கு புறப்படும் இடத்திலிருந்து அடிவாரத்துச் சவுக்கை என்ற சாவடி வரைக்கும் சரக்கோடு கூடவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனை செய்யும் சவுக்கைக்காரர்கள் சரக்கைப் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூடாது. பறிமுதல் என்ற வார்த்தையைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உடனே ஒரு சர்க்குலர் எழுதினேன். பதினேழாம் நம்பர். 'பாஸில் பேர் உள்ள நபரே சரக்கை மேலிருந்து கீழ்வரை கொண்டுவருதல் வேண்டும்.'

முதலாளி படித்தார். மீசையைத் தடவினார்.

"அப்ப சுமைக்காரக வேண்டாம். கழுதைக்காரனுக்கே கான்ட்ராக்ட்டைக் குடுத்துருவோம். ஒருத்தனே மேலருந்து கீழ வரைக்கும் ஓட்டிட்டு வர்றான். வியாழக்கிழமை கையெழுத்து. பத்திரத்தை வெரசா எழுதும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுமைக்காரர்கள் எதற்கு வேண்டாம்?

போடியில் சின்னப் பிள்ளைகூட அறிந்த ஒரு விஷயம், ஏலக்காய்க் கம்பெனியின் வக்கீலுக்கு அதுவரை தெரியாது. சுமைக்காரர்கள் மலையைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். தோட்டத்து ஆட்கள் மூட்டைகளைப் பாதிச் சரிவு வரைதான் கொண்டுவருவார்கள். அங்கே ஒரு சுமைதாங்கிக் கல். அதற்குக் கீழே இறங்கினால் அவர்களுக்கு வெக்கை ஆகாது, காய்ச்சல் வந்துவிடும். குரங்கணி ஆட்கள் அந்தக் கல் வரைதான் ஏறுவார்கள். அதற்கு மேலே குளிரும் அட்டையும் இவர்களுக்கு ஆகாது. கல்லடியில் மூட்டை கை மாறும். கூடவே பாஸும் கை மாறும். பாஸில் பேர் உள்ளவர் அங்கேயே திரும்பி வீட்டுக்குப் போய்விடுவார்!

நான் எழுதிய ஒரு வரியில், இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது குடும்பத்தின் பிழைப்புப் போகப்போகிறது.

மறுநாள் ஆபீஸ் வாசலில் வீராயி. குரங்கணிச் சுமைக்காரர்களுக்குத் தலைவி. வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க சோலியைக் கெடுத்த வக்கீலு நீங்கதானா? பாத்தா அம்புட்டு வெவரமான ஆளாத் தெரியலையே?"

"ரூல் அப்படி இருக்கும்மா."

"ரூலு எழுதுனவுக மலை ஏறிருக்காகளா?"

"இருக்காது."

"நீங்க?"

நான் அவசரமாகக் கெஜட்டைப் பிரித்துத் தலையை அதற்குள் விட்டுக்கொண்டேன். சங்கடமான நேரத்தில் வக்கீல்கள் படிப்பது வழக்கம். ஆனால் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பேருக்குரியவர் சரக்கோடு 'கூடவே இருக்க வேண்டும்' என்றுதான் ரூல். சுமக்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது? 'கொண்டுவருதல்' என்பது என் சர்க்குலரில் நானாகச் சேர்த்த அழகு!

"வீராயி! மூட்டை எத்தனை கை மாறினாலும் பாதகமில்லை. பாஸில் பேர் உள்ள ஒரே ஓர் ஆள், மேலிருந்து கீழ்வரை கூடவே வந்தால் போதும்!"

"அப்படியா? அப்பச் சரி. அப்படி ஒரு ஆளுன்னா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

நான் விடவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நானே வர்றேன்!"

உள்ளே முதலாளிக்குப் புரை ஏறும் சத்தம் கேட்டது. ஆனாலும் சம்மதித்தார். செவ்வாய்க்கிழமை லோடு பறிமுதல் ஆகாமல் வந்து சேர்ந்தால் சுமைக்காரர்களே தொடரலாம். சவுக்கையில் மாட்டினால் வியாழக்கிழமை கழுதைதான். "அன்னிக்கு உமக்கும் சேத்து ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

திங்கட்கிழமை ஏறினேன். ஏறினேன் என்று எழுதுவதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! செவ்வாய் விடிந்ததும் என் பேரில் பாஸ், பதினாறு மூட்டை, பதினாறு ஆட்கள், பின்னால் நான். ஏற்றத்தைவிட இறக்கம் சுலபம் என்று சொன்னவர் யாரோ, அவருக்கு முழங்கால் இருந்திருக்காது. கல்லடிக்கு வந்து சேர்ந்து, அட்டைகளைப் பிய்த்துவிட்டு எழுந்தேன். எழுந்தேனா? முழங்கால் 'நாட் வில்லிங்' என்று சொல்லிவிட்டது.

இரண்டு கோஷ்டியும் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது.

"வக்கீலய்யா வேர் விட்டுட்டாரு டோய்!"

"விட்டுட்டுப் போயிரலாமா அக்கா?"

"பாஸுல பேரு அவருது. விட்டுட்டுப் போனா சரக்கும் போயிரும், சோலியும் போயிரும்" என்றாள் வீராயி. "கம்பளியைக் கொண்டா. மூங்கிலை வெட்டு."

டோலி கட்டினார்கள். நாலு பேர் தூக்கினார்கள். மூட்டைகள் முன்னே நடக்க, கம்பெனியின் சட்ட ஆலோசகர் பின்னே தொங்கிக்கொண்டு வந்தார்.

சவுக்கையில் அதிகாரி பாஸை வாங்கினார். மூட்டைகளை எண்ணினார்.

"பாஸுல பேர் உள்ள ஆள் எங்கே?"

"இந்தாத் தொங்குறாரு" என்றாள் வீராயி.

அதிகாரி குனிந்து கம்பளிக்குள் எட்டிப் பார்த்தார். நான் படுத்தபடியே வணக்கம் சொன்னேன்.

"பதினாறு சுமைக்குத்தானே பாஸ்? பதினேழு சுமை வருதே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முப்பது குடும்பம் என் மேல் உட்கார்ந்திருந்தது. தொங்கிய நிலையிலேயே வாதாடினேன் — என் வாழ்நாளில் ஒழுங்காக வாதாடிய ஒரே வழக்கு அதுதான்.

"ஐயா, ரூலில் 'கூடவே இருக்க வேண்டும்' என்றுதான் இருக்கிறது. நடந்து வர வேண்டும் என்று இல்லை. நின்றபடி என்றும் இல்லை. நான் கூடவே இருக்கிறேனா, இல்லையா?"

அதிகாரி ரூலை எடுத்து இரண்டு தடவை படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பாஸில் முத்திரை விழுந்தது. டொக்!

போடி வந்து சேர்ந்ததும் முதலாளி மூட்டைகளைத் தடவிப் பார்த்தார், என் முழங்காலையும் பார்த்தார். கழுதைக் கான்ட்ராக்ட்டைத் தானே கிழித்தார். ஆனால் வாராவாரம் லோடு இறங்குமே? அடுத்த செவ்வாய்க்கு மேலிருந்து கீழ்வரை யார் வருவது?

"நான் வர்றேன்" என்றாள் வீராயி. "பாஸுல எம்பேரைப் போடுங்க. நான் பொறந்தது மேல, வாக்கப்பட்டது கீழ. குளிரும் ஆகும், வெக்கையும் ஆகும்."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, தாயே?"

"வாயெடுத்தேன். நீங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு 'நானே வர்றேன்'னீங்க. பாவம், இம்புட்டு ஆசைப்படுறாரே, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். பக்கத்தில் என் ஆபத்து நோட்டு. எட்டு மாதமாகக் காலியாக இருந்ததற்கு, இந்த வாரம் முதல் வரியில் ஒன்று ஏறியிருக்கிறது:

கம்பெனி வக்கீல்.